ரிவ்யூ கால்னாலே நெஞ்சு படபடக்குது, உங்களுக்கும் உண்டா?

வைகைக்கரை:
தனியார் பேங்க்ல சேல்ஸ்ல இருக்கேன். தினம் சாயங்காலம் ரிவ்யூ கால். கிளஸ்டர்ல, அதாவது சுத்துவட்டார பிராஞ்சுகள்ல, இருக்கற எல்லாரும் லைன்ல கேட்டுட்டிருக்கும்போதே பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தனை லாகின்? ஜீரோவா? அப்புறம் எதுக்குய்யா வீட்டுக்குப் போற?"ம்பாங்க. லாகின்னா கஸ்டமர்கிட்ட வாங்கி உள்ள போடற புது அப்ளிகேஷன். என் முறை வர்றதுக்குள்ள உள்ளங்கை வேர்த்து போன் வழுக்கும். நெஞ்சு அடிச்சுக்கும். ஹார்ட்டோன்னு பயந்து ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். பிபி மட்டும் 150/100. "கேஸா இருக்கும்"னு ஒருத்தர் மாத்திரை எழுதினார். அடுத்து பார்த்த டாக்டரம்மாதான், "லீவு நாள்ல இது வருதா?"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா, வரவே இல்ல. இவ்வளவு டெஸ்ட் எடுத்தும் அந்தக் கேள்விய அதுவரைக்கும் யாருமே கேக்கல.

மல்லிகா_டிநகர்:
நாங்கல்லாம் சேலை செக்‌ஷன் அண்ணே, எங்களுக்கு ஏது ஈசிஜி! கடை ஊழியருங்க உக்காரலாம்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, கேரளால அதுக்கும் முன்னாடியே. எங்க கடையிலயும் ஸ்டூல் போட்டாங்க. மேல கேமரா முறைச்சிட்டு நிக்குது, யாரு உக்காருவா? தீபாவளி சீசன்ல கெண்டைக்கால் நரம்பு முடிச்சு முடிச்சா புடைச்சிடும். பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும். அந்தக் கூச்சத்துக்கே பாதிப்பேர் தண்ணி குடிக்கறதில்ல. நீர்க்கடுப்பு வராத பொண்ணு எங்க ஃப்ளோர்ல இல்ல. வீட்டுக்குப் போனா புள்ளைங்க "அம்மா"ன்னு கூப்பிட்டாலே எரிஞ்சு விழறேன். கால்வலிய விட அதுதான் கஷ்டமா இருக்கு.

நைட்ஷிஃப்ட்_ஓஎம்ஆர்:
ஐடி சப்போர்ட், ஆன்கால், எந்நேரம் போன் வந்தாலும் எடுக்கணும். என் போன் ரிங்டோனையே பஸ்ல வேற யாராவது வச்சிருந்தா தூக்கிவாரிப் போடும். ரிங்டோன மாத்தினேன், இப்ப புதுசு கேட்டாலும் அதே கதிதான். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல உழைச்சா பக்கவாத வாய்ப்பு 35% கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல சொன்னப்ப எங்க டீம் குரூப்ல சிரிச்சு ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டோம். அப்புறம் தூக்கமே போச்சு. 14416க்குப் போட்டேன், அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது. தமிழ்லயே பேசினாங்க. "தூங்குங்க சார்"னு உபதேசம் பண்ணாம எத்தனை மணிக்குப் படுக்கறேன், கடைசி காபி எப்பன்னு கேட்டதே பெரிய ஆறுதல்.

வைகைக்கரை:
தம்பி, நானும் மனநல டாக்டரைப் பார்க்கலாம்னு இருக்கேன். கிளெய்ம் ஆகுமா? ஹெச்ஆருக்குத் தெரிஞ்சிடுமோன்னு ஒரு பயம்.

நைட்ஷிஃப்ட்_ஓஎம்ஆர்:
2017 மனநலச் சட்டப்படி உடம்பு நோய்க்கு இருக்கற மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்கணும்ணே. ஆனா அட்மிட் ஆகாம சும்மா பார்த்துட்டு வர்ற ஃபீஸ் நிறைய பாலிசில வராது, உங்களதுல ஓபிடி இருக்கான்னு பாருங்க. ஹெச்ஆர் பயம் இருந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க. கிளெய்மும் வேணாம், ஆபீஸுக்குப் பேப்பரும் போகாது. சீக்கிரமே போயிடுங்க, ஓபி சீட்டுக்குக் கூட்டம் அள்ளும்.