உதவி: பாட்டில் ராக்கெட் தென்னமர உசரத்துல கரணம் அடிக்குது, மோட்டார் மாத்தணுமா?

அம்மாபேட்டை_செல்வி:
வணக்கம்ங்க. அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு தண்ணி ராக்கெட் பண்றோம். 2 லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில், வாய்க்கு ரப்பர் கார்க், கார்க்ல ஓட்டை போட்டு சைக்கிள் ட்யூப் வால்வு சொருகி ஃபுட் பம்புல காத்து அடிக்கிறோம், 40 பிஎஸ்ஐ (பம்பு மீட்டர் காட்டுற காத்தழுத்தம்) வந்தா கார்க் தானா கழண்டுக்குது. தண்ணி 1.2 லிட்டர் ஊத்துறோம். கிளம்புறப்ப நல்லாத்தான் கிளம்புது, ஒரு தென்னமர உசரம் போனதும் பக்கவாட்டுல திரும்பி கரணம் அடிச்சுட்டு வந்து விழுந்துடுது. ரெக்கை மூணு, சார்ட் பேப்பர்ல. மூக்கும் சார்ட் கூம்புதான், உள்ள காலி. வீடியோல வெளிநாட்டுக்காரங்க சி6-5னு ஒரு சின்ன மோட்டார் போட்டு விடுறாங்களே, அது எப்படி வேலை செய்யுது, அந்த மாதிரி ஒண்ணு கெடைச்சா சரியாகிடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவன் ராத்திரி தூங்காம இதையே பேசுறான்.

கொண்டலாம்பட்டி_லேத்:
செல்விக்கா, உந்துவிசை உங்களுக்கு கொறைச்சலே இல்ல. 40 பிஎஸ்ஐல அந்த பாட்டில் வாய் வழியா தண்ணி கிட்டத்தட்ட செகண்டுக்கு 23 மீட்டர் வேகத்துல வெளிய வரும், எடுத்த எடுப்புல 200 நியூட்டன் சுமார், அதாவது 20 கிலோ தூக்குற விசை. பிரச்சனை தண்ணி அளவுலயும் எடை எங்க இருக்குங்கறதுலயும்.

முதல்ல தண்ணி. உள்ள அழுத்தி வச்ச காத்துதான் உங்க எரிபொருள், தண்ணி வெறும் வெளிய தள்ளுற சரக்கு. 1.2 லிட்டர் தண்ணி ஊத்துனா காத்துக்கு 0.8 லிட்டர்தான் இடம், அந்த காத்து 2 லிட்டருக்கு விரியுறதுக்குள்ள அழுத்தம் பூரா தீர்ந்துரும், கடைசி தண்ணி வெளிய போக வேகமே இருக்காது, சில சமயம் மிச்சத்த சுமந்துக்கிட்டேதான் மேல போகும். 600 மில்லி ஊத்துங்க. அப்ப காத்து 1.4 லிட்டர், தண்ணி தீர்றப்பவும் பாதி அழுத்தம் கிட்ட மிச்சம் இருக்கும், அந்த காத்தும் சீறி வெளிய போய் கடைசியா ஒரு தள்ளு குடுக்கும். பொதுவா கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும்தான் தண்ணி.

கரணத்துக்கு காரணம் மூக்கு காலியா இருக்கறது. தண்ணி போன பிறகு மிச்சம் வெறும் பாட்டில், ரெக்கை, சார்ட் கூம்பு. எடை எல்லாம் நடுவுலயோ வாலுலயோ நிக்குது. மூக்குக்குள்ள களிமண் வச்சு எடையை முன்னாடி கொண்டு வரணும்.

சின்னத்திருப்பதி_விக்கி:
மோட்டாருக்கு எதுக்கு வெளிநாடு, தீபாவளி ராக்கெட்டு நாலு அஞ்சு பிரிச்சு மருந்த ஒரு பிவிசி பைப்புல இறுக்கி அடைச்சா வேலை முடிஞ்சுது

ஆத்தூர்_பிசிக்ஸ்_டீச்சர்:
விக்கி தம்பி, தயவு செஞ்சு வேண்டாம். செல்வி, பையன் காதுல இந்த யோசனை விழவே கூடாது. ஏன்னு சொல்றேன், மோட்டார் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டதுக்கும் அதுலயே பதில் இருக்கு.

சி6 மோட்டார் 18 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு அட்டைக் குழாய். அடியில களிமண்ணுல அழுத்தி செஞ்ச நாசில், அதாவது கேஸ் வெளிய போற குறுகலான வாய், அதுக்கு மேல கெட்டியா அமுக்கின கருமருந்து. மருந்து தூளா கொட்டி இருக்காது, ஒரே கட்டி, அதனால தீ மேல்பரப்புல மட்டும் பிடிச்சு சீரா உள்ள ஏறும். எந்த நேரத்துலயும் எவ்வளவு பரப்பு எரியுதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் உள்ள கேஸ் அழுத்தம். கட்டியில ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலே தீ அந்த விரிசலுக்குள்ள ஓடி எரியுற பரப்பு திடீர்னு பல மடங்கு ஆகும், நாசில் வழியா அவ்வளவு கேஸ் வெளிய போக முடியாது, குழாய் வெடிக்கும். ஃபேக்டரியில செஞ்ச மோட்டாரையே வெயில்ல நிக்கிற கார்ல போட்டு வைக்காதே, கீழ போட்டத உபயோகிக்காதேன்னு சொல்றது இதுக்குத்தான். கையால அடைச்ச மருந்துல வெறும் விரிசலும் இடைவெளியும்தான் இருக்கும், இறுக்கி குத்துறப்ப உரசல்லயே பத்திக்கலாம். பிவிசி சில்லு சில்லா தெறிக்கும். போதாததுக்கு 1884 வெடிபொருள் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மருந்து தயாரிக்கறதே குற்றம்.

இப்ப அந்த எழுத்து, நம்பர் கணக்கு. எழுத்து மொத்த உந்துதல், விசையை நேரத்தால பெருக்குனது. சி-ன்னா 5க்கு மேல 10 நியூட்டன் செகண்ட் வரைக்கும், டி-ன்னா 20 வரைக்கும், எழுத்துக்கு எழுத்து ரெண்டு மடங்கு. 6-ங்கறது சராசரி விசை, 6 நியூட்டன். கடைசி 5, எரிஞ்சு முடிஞ்ச பிறகு எத்தனை செகண்ட் தாமதம்னு. மருந்து ரெண்டு செகண்டுக்குள்ள தீர்ந்துரும், அப்பதான் ராக்கெட் உச்ச வேகத்துல இருக்கும், அந்த நேரம் பாராசூட் விரிஞ்சா கிழிஞ்சு போகும். அதனால மெதுவா புகையுற ஒரு மருந்து அஞ்சு செகண்ட் எரிஞ்சு, அது தீர்ந்ததும் மேல் பக்கம் ஒரு சின்ன வெடி மூக்கையும் பாராசூட்டையும் வெளிய தள்ளும்.

அந்த மோட்டார உங்க தண்ணி நிரம்பின பாட்டிலுக்கு அடியில கட்டுனா ஒழுங்கா கிளம்பாது. எடை 700 கிராம், அதைத் தாங்கவே 7 நியூட்டன் வேணும். ஆனா 600 மில்லி தண்ணியில உங்களுக்கு கிடைக்கிற மொத்த உந்துதல் ஏறக்குறைய 12 நியூட்டன் செகண்ட், சி மோட்டாருக்கு மேலயே. அது ரெண்டு செகண்ட் மெதுவா தள்ளுது, உங்களது பத்துல ஒரு செகண்டு கூட ஆகாம மொத்தத்தையும் ஒரே உதையா குடுத்துடுது. பையனுக்கு இத கிராஃப் போட்டு காமிங்க, எக்ஸிபிஷன்ல இதுக்கே மார்க் விழும்.

அம்மாபேட்டை_செல்வி:
சார் ரொம்ப நன்றிங்க, எழுதி வச்சுக்கிட்டேன். விக்கி சொன்னது நாங்க பண்ண மாட்டோம். 600 மில்லி, மூக்குல களிமண் வச்சு பாத்தோம். உசரம் ஏறுது, கரணம் முதல்ல இல்ல, ஆனா அடுத்தடுத்து விட விட திரும்பவும் வளைஞ்சு போகுது, ஏன்னு புரியல.

கொண்டலாம்பட்டி_லேத்:
ரெக்கையை தொட்டுப் பாருங்க, நனைஞ்சு தொளதொளன்னு ஆகியிருக்கும். சார்ட் பேப்பர் ஒரு தடவை தண்ணி பட்டா முடிஞ்சுது, அந்த வேகத்துல மடங்கிக்கும். ஃப்ளெக்ஸ் பிரிண்ட் கடையில சன்போர்டு (லேசான, விறைப்பான ஃபோம் அட்டை) துண்டு கேளுங்க, வேஸ்ட்டுல சும்மாவே குடுப்பாங்க. வாலுல ரெக்கை விறைப்பா இருந்தாத்தான் காத்து தள்ளுற மையம் பின்னாடி நிக்கும், எடை மையம் அதுக்கு முன்னாடி பாட்டில் ஒரு தடிமன் அளவாவது இருக்கணும்.

சோதனை சுலபம். தண்ணி இல்லாம, எடை சமமா நிக்கிற இடத்துல கயிறு கட்டி டேப் ஒட்டி, மொட்டமாடியில தலைக்கு மேல சுத்துங்க. மூக்கு முன்னாடி பாத்து போனா சரி. பக்கவாட்டுலயோ வால் முன்னாடியோ போனா இன்னும் களிமண் வைக்கணும்.

ஏற்காடு_மிளகு:
அக்கா, ஏற்காடு வந்து விட்டா இன்னும் மேல போகுமான்னு என் பசங்க கேக்குறாங்க. சேலத்த விட ஆயிரம் மீட்டருக்கு மேல உசரம் இல்லையா.

ஆத்தூர்_பிசிக்ஸ்_டீச்சர்:
போகும், ஆனா கொஞ்சம்தான். அங்க காத்தோட அடர்த்தி பத்துல ஒரு பங்கு கொறைவு, அதனால எதிர்ப்பும் அவ்வளவு கொறையும். கேஜ்ல அதே 40 வச்சா தண்ணி வர்ற வேகம் மாறாது. ஆனா எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்து மேல மாட்டிக்கிட்டா மிளகு பறிக்கிற ஏணிதான் வேணும், ரெக்கை பெருசா இருந்தா மலைக்காத்து பக்கம் மூக்க திருப்பிக்கும். கீழ காலி மைதானமே போதும். ஓமலூர் காமலாபுரம் பக்கம் மட்டும் வேண்டாம், அங்க ஏர்போர்ட் இருக்கு.

அம்மாபேட்டை_செல்வி:
சன்போர்டு ரெக்கை போட்டு சுத்திப் பாத்தாச்சு, முதல்ல பக்கவாட்டுல போச்சு, இன்னும் ரெண்டு உருண்டை வச்சதும் மூக்கு நேரா வந்துச்சு. இன்னைக்கு சாயங்காலம் நேரா ஏறி நேரா இறங்குச்சுங்க, பையன் குதிக்கிறான். கார்க்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பிரஷர்ல கழண்டுக்குது.

கொண்டலாம்பட்டி_லேத்:
அருமை. கார்க்க விட்டுருங்க, அரை இஞ்ச் பிவிசி பைப் அந்த பாட்டில் கழுத்துக்குள்ள சரியா நுழையும், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு, சுத்தி கேபிள் டை (ஒயர் கட்டுற பிளாஸ்டிக் பட்டை) நிக்க வச்சு, கயிறு இழுத்தா விடுற மாதிரி பண்ணலாம், படம் அனுப்புறேன். அப்ப 60 பிஎஸ்ஐ வரைக்கும் நிதானமா ஏத்தலாம். கேஸ் ட்ரிங்ஸ் பாட்டில் மட்டும்தான், குடிதண்ணி பாட்டில் வேண்டாம், கீறல் விழுந்ததும் தூக்கிப் போட்டுருங்க. கயிறு அஞ்சு மீட்டர் நீளமாவது இருக்கட்டும், கசியுதுன்னு யாரும் குனிஞ்சு பாக்க வேண்டாம், இழுத்து காத்த எறக்கிட்டு அப்பறம் கிட்ட போங்க.