முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்: அம்பாசடருக்கு ப்ரொபோர்ஷனிங் வால்வு போட்டால் தீருமா?

பெரம்பூர் அம்பி:
மார்க் 3 அம்பாசடர். முன்னால் டிஸ்க் மாற்றியாச்சு, பின்னால் பழைய டிரம்தான். மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) பழையது, ஒற்றை சர்க்யூட், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே லைன். அழுத்திப் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகி வால் ஒதுங்குகிறது. மழையில் லேசாகத் தொட்டாலே இடது பின்சக்கரம் மட்டும் கப்பென்று பிடிக்கிறது. பின் பிரேக்கின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ப்ரொபோர்ஷனிங் வால்வு, பழைய காரில் கழற்றியது, புதுப்பேட்டையில் இருக்கிறது, வாங்கலாமா?

டிரம்_டிஸ்க்:
சார், இது இரண்டு கோளாறு. மழையில் ஒரு சக்கரம் பிடிப்பதற்கு வால்வு மருந்தே இல்லை. குறைந்த அழுத்தத்தில் அது வெறும் குழாய்தான். குறிப்பிட்ட அழுத்தம் தாண்டியபிறகுதான் உள்ளே பிஸ்டன் நகர்ந்து, பின்லைனில் அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். 400 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) மேல் ஏறுவதைப் பாதியாகக் குறைக்கும் வால்வு என்றால், முன்னால் 1000 போகும்போது பின்னால் 700தான் போகும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரத்தின் பிடிப்பு குறைவதால்தான் இந்த ஏற்பாடு.

முதலில் இடது டிரம்மைக் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் (டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் சிறு சிலிண்டர்) ரப்பர் உறையின் விளிம்பை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிகிறது. ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் கறுத்துப் பிசுபிசுத்தால் ஆக்ஸில் ஆயில் சீல் போய்விட்டது. எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் புதிது போடுங்கள்.

கிண்டி கேரேஜ்:
கழற்றிய வால்வு வேண்டவே வேண்டாம். அது வேறொரு வண்டியின் எடைக்கு அமைத்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். உள்ளே துருப்பிடித்து பிஸ்டன் இறுகியிருக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் வைத்த புதிய வால்வு வாங்குங்கள். ஒற்றை சர்க்யூட்டில், லைன் முன்னும் பின்னும் பிரியும் டீ ஜாயின்ட்டைத் தாண்டி, பின்னால் போகும் பைப்பில் மட்டும் வர வேண்டும். டீக்கு முன்னால் போட்டால் டிஸ்க்கின் அழுத்தமும் குறைந்துவிடும்.

இன்னொன்று: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் பிடித்துவைக்கும் செக் வால்வு இருக்கும். அது முன் பேடை உரசவைத்துச் சூடாக்கும். மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால், ஆயில் திரும்பி வடியாமலிருக்க முன்லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு தனியாக வேண்டும்.

பெரம்பூர் அம்பி:
செட்டிங் ஈரத்தரையில் பார்க்கலாமா?

டிரம்_டிஸ்க்:
கூடாது. ஈரத்தில் பாரம் அவ்வளவாக முன்னால் சாயாது; அதில் சரியாக அமைத்தது காய்ந்த ரோட்டில் பின்சக்கரத்தை முதலில் லாக் ஆக்கி வாலை ஒதுக்கிவிடும். காய்ந்த, ஆளில்லாத மூடிய இடத்தில் 40 கிமீ வேகத்தில் தொடங்குங்கள், ஈசிஆரில் வேண்டாம். பின்னழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி குமிழை வைத்து, ஒவ்வொரு சுற்றாகக் கூட்டுங்கள். வெளியே ஒருவர் நின்று சக்கரத்தைப் பார்க்கட்டும். எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின்சக்கரம் முந்தினால் ஒரு சுற்று திருப்பி, லாக் நட்டை இறுக்குங்கள்.