அறுவர் லக்ராஸ்: விதிப் புத்தகத்துக்கான கலைச்சொற்கள்

அனுப்புநர்: உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆறு பேர் ஆடும் லக்ராஸின் விதிகளைத் தமிழில் எழுதி, நம்ம மாவட்டத்துப் பள்ளிகளில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிட்டு நேரே மைதானத்தில் இறங்கும்படி இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: லக்ராஸ் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம். ஹோடெனோஷோனி மக்கள் இன்றும் அதை நோய் தீர்க்கும் ஆட்டமாக, படைத்தவனுக்கு உரியதாக ஆடுகிறார்கள். முழு மைதானத்தில் ஆண்கள் ஆட்டத்துக்குப் பக்கத்துக்கு 10 பேர் வேண்டும். அதைச் சுருக்கி ஆறு பேராக்கி, உலக லக்ராஸ் அமைப்பு 2021-ல் இந்த வடிவத்தை அறிமுகப்படுத்தியது. 2022-ல் அலபாமாவின் பர்மிங்காமில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் கனடா தங்கம் வென்றது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, இருபது ஓவர் கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியில் சேர்த்தது. பதக்க ஆட்டமாக லக்ராஸ் கடைசியாக இருந்தது 1908-ல்.

விதியின் எலும்புக்கூடு இது. களம் 70 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். களத்தில் 5 பேர், கூட ஒரு கோலி. அணிப் பட்டியலில் 12 பேர். எட்டு எட்டு நிமிடமாக நாலு கால் ஆட்டம். பந்து கைவசமானால் 30 நொடிக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். கோல் 1.83 மீட்டர் உயரம், அதே அகலம்; அதைச் சுற்றி சுமார் 3 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். நடுக்களத்தில் பந்து வைத்துத் தொடங்குவது ஒவ்வொரு காலின் ஆரம்பத்தில் மட்டுந்தான். கோல் விழுந்தால் கோலி பந்தை எடுத்து உடனே ஆட்டத்தைத் தொடர்வார்.

களம் பற்றி ஒரு வார்த்தை. 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானத்தில் இரண்டு களம் போடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் போட்டால் 72 மீட்டர் அகலம் வேண்டும். குறுக்கே போட்டால் நீளத்துக்கு 2 மீட்டர் குறையும். சரியான அளவில் ஒன்றுதான் அமையும்.

முடிவாக வேண்டிய சொற்கள்: ஆட்டத்தின் பெயர், பந்தை ஏந்தும் தடி, அதன் வலைப்பை, பந்து விழாமல் ஆட்டிக்கொண்டே ஓடும் செயல், 30 நொடிக் கடிகாரம், கோலைச் சுற்றிய வட்டம், நடுக்களத் தொடக்கம். என் வரைவில் அறுவர் லக்ராஸ், வலைக்கோல், வலைப்பை, தாலாட்டல், எறிகடிகாரம், காப்பு வட்டம், முகமோதல் என்று இருக்கிறது. அடித்துத் திருத்துங்கள்.

———

அனுப்புநர்: வலை பின்னுபவர், குளச்சல்

> வலைக்கோல்

சார், இது வேண்டாம். விதியில் "கோல் வட்டத்துக்குள் விழுந்தால்" என்று ஒரு வரி வரும். விழுந்தது தடியா, அடித்த கோலா? தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகள் "கோல்" என்று பார்த்தவுடன் கால்பந்து கோலைத்தான் நினைப்பார்கள், அதை மாற்ற நம்மால் முடியாது. ஆகவே தடிக்கு வேறு சொல் வேண்டும்.

மட்டை என்றால் அடிக்கத் தோன்றும். இந்த ஆட்டத்தில் பந்தை அடிப்பதே இல்லை. ஏந்துவது, எறிவது, வாருவது, அவ்வளவுதான். நம்ம ஊரில் சிலம்பத்துக்கும் கம்பு, ஆடு மேய்க்கவும் கம்பு. வலைக்கம்பு என்று வைப்போம்.

> வலைப்பை

இதிலும் அதே சிக்கல். "பந்து வலையில் இருக்கும்போது" என்று எழுதினால் கம்பிலுள்ள வலையா, கோலுக்குப் பின்னால் கட்டிய வலையா? ஒன்றில் ஆட்டம் நடக்கிறது, இன்னொன்றில் கோல் ஆகிவிட்டது. கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் மீன் வந்து சேரும் கடைசிப் பையை மடி என்றுதான் சொல்கிறோம். கம்பின் தலையில் பந்து வந்து உட்காரும் இடமும் மடிதான். "பந்து மடியில் இருக்கும்போது" என்றால் ஒருவரும் குழம்ப மாட்டார்.

சொல்லோடு அளவும் போக வேண்டும். ஆண்கள் கம்பில் மடி எவ்வளவு தொங்கலாம் என்பதற்குச் சோதனை இருக்கிறது: கம்பைப் படுக்கைவாட்டில் கண்மட்டத்துக்குப் பிடித்து, மடியின் ஆழமான இடத்தில் பந்தை விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். பந்தின் மேல்முனை பக்கச்சட்டத்தின் கீழ்விளிம்புக்கும் கீழே இறங்கிவிட்டால் கம்பு செல்லாது. பெண்கள் கம்பில் மடி இன்னும் ஆழம் குறைவு; பந்தின் மேல்முனை சட்டத்தின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும்.

நைலான் மடி நனைந்தால் இளகித் தொங்கும். ஆனி, ஆடிச் சாரலில் காலையில் தேறிய கம்பு மதியம் தேறாமல் போகும். மழை விட்டதும் மறுபடி அளக்க வேண்டும் என்று விதிக்குறிப்பில் போடுங்கள். தொங்கினால் அடிக்கயிற்றை ஒரு கண் இழுத்துக் கட்டினால் போதும். பக்கக் கயிறுகளில் கைவைத்தால் மடி ஒரு பக்கமாகச் சாயும், எறிந்த பந்தும் அந்தப் பக்கமே ஓடும்.

மடியின் வாய்ப்பக்கம் குறுக்கே ஓடும் கயிறுகளுக்கு வீச்சுக்கயிறு என்ற பெயர் பொருந்தும். எறியும் பந்து தரையில் குத்தினால், மடி ஆழமாகிவிட்டது அல்லது வீச்சுக்கயிறு பந்தைப் பிடித்து நிறுத்துகிறது. பந்து தலைக்கு மேலே பறந்தால் மடி ஆழம் போதவில்லை. பிள்ளைகள் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் கயிற்றைப் பாருங்கள்.

———

அனுப்புநர்: உடற்கல்வி ஆசிரியை, தக்கலை

அண்ணாச்சி சொன்ன மடி எனக்கு முழுச் சம்மதம். அதிலிருந்தே அடுத்த சொல்லும் கிடைக்கிறது.

> தாலாட்டல்

தாலாட்டு என்றால் பாட்டு. பிள்ளைகள் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுவார்கள், பந்து விழுந்துவிடும். இங்கே நடப்பது வேறு: மேல்கை மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து கம்பை உள்ளே சுருட்டி வெளியே விடும், கீழ்க்கை கம்பைச் சுழலவிட்டு லேசாகத் தாங்கும். அந்த வளைவான ஓட்டந்தான் பந்தை மடியோடு ஒட்டவைக்கிறது. கை நின்றால் பந்து உருண்டு வெளியே வரும், ரொம்ப வேகமாக உதறினாலும் வரும். நான் சொல்வது மடியாட்டு. "மடியாட்டிக்கொண்டே ஓடு" என்று களத்தோரம் நின்று கத்தவும் வசதி.

தரையில் கிடக்கும் பந்தை எடுப்பதற்கு வாரல் போதும். குனிந்து, பின்கையைத் தரைக்குத் தாழ்த்தி, பந்துக்கு ஒரு சாண் முன்பே கம்பின் உதட்டை, அதாவது தலையின் முன்விளிம்பை, தரையில் வைத்து, ஓட்டத்தை நிறுத்தாமல் வார வேண்டும். பின்கை உயரமாக இருந்தால் உதடு தரையில் குத்தி நின்றுவிடும், கம்பின் அடிமுனை வயிற்றில் இடிக்கும். நம்ம செம்மண் மைதானங்களில் மழைக்குப் பிறகு இதுதான் அதிகம் நடக்கும்.

> முகமோதல்

இதை எடுத்துவிடுங்கள் சார். முகத்தோடு முகம் மோதச் சொல்கிறோம் என்று பெற்றோர் பயந்துவிடுவார்கள். பந்துக்காகப் போட்டியிடுவதால் முதற்பறி என்று வைக்கலாம். ஆண்கள் ஆட்டத்தில் பந்து தரையில், இரண்டு கம்புகளுக்கு நடுவே; இருவரும் குனிந்து நிற்பார்கள். பெண்கள் ஆட்டத்தில் இருவரும் நின்றபடி, கம்புத் தலைகளின் முதுகுகளுக்கு இடையே பந்தை இறுக்கிப் பிடித்து, விசில் ஊதியதும் மேலே இழுப்பார்கள்; பந்து தலைக்கு மேலே எழும்ப வேண்டும். தரைப்பறி, நிலைப்பறி என்று இரண்டு பெயரும் அதற்குள் வந்துவிடும்.

———

அனுப்புநர்: ரப்பர் தொழிலில் இருப்பவர், குலசேகரம்

பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கெட்டி ரப்பர், சுற்றளவு 19.7 முதல் 20.3 சென்டிமீட்டர், எடை 142 முதல் 149 கிராம். ஆண்கள் கிரிக்கெட் பந்து குறைந்தது 155.9 கிராம். கிட்டத்தட்ட அதே கனம் என்று விதியில் எழுதினால், ஆண்களுக்குத் தலைக்கவசமும் கையுறையும், பெண்களுக்குக் கண்கவசமும், எல்லாருக்கும் பல்கவசமும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோலிக்கு இதோடு நெஞ்சுக்கவசமும் தொண்டைக்கவசமும் இல்லாமல் வட்டத்துக்குள் நிற்கவே விடக்கூடாது.

டென்னிஸ் பந்தில் பழக்குகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அது 60 கிராமுக்குள். மடியில் கனமே தெரியாது, மடியாட்டு கைக்கு வராது, பிடிக்கும்போதும் துள்ளி வெளியே போகும். சின்னப் பிள்ளைகளுக்கு அதே அளவில் மெத்தென்ற பந்து கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

ரப்பர் பழசானால் மேல்தோல் பளபளத்து வழுக்கும். வழுக்கிய பந்து மடியில் நிற்காது, எறிந்தால் எங்கே போகும் என்று சொல்லவும் முடியாது. வெயிலில் போட்டுவைக்காதீர்கள்; பளபளத்ததைப் பயிற்சியிலிருந்தும் ஒதுக்குங்கள். இதற்கு "வழுக்குப் பந்து" என்று ஒரு பெயர் கொடுத்து, போட்டிக்கு ஆகாது என்று ஒரு வரி சேர்க்கலாம்.

> எறிகடிகாரம்

விதி சொல்வது கடிகாரத்தை அல்ல, காலவரம்பை. பெரும்பாலான பள்ளிகளில் மின்பலகை இருக்காது. ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச்தான் இருக்கும். கெடு என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. "கெடு 30 நொடி." பந்து மறு அணியின் கைக்குப் போனால் கெடு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்தால் பந்து எதிரணிக்கு. கடிகாரம் வைத்திருப்பவர் கடைசி 10 நொடியை உரக்க எண்ண வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் சண்டைதான்.

———

அனுப்புநர்: கால்பந்து நடுவர், தூத்தூர்

பெயரைப் பற்றி மட்டும். ஆங்கிலத்தில் இருப்பதுபோல் "சிக்சஸ்" என்று விட்டால் கிரிக்கெட் சிக்சர் என்று நினைப்பார்கள். நம்ம பக்கம் செவன்ஸ் கால்பந்து எல்லாருக்கும் தெரியும், ஏழு பேரில் கோலியும் சேர்த்திதான். அதனால் அறுவர் என்றாலும் கோலியைச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அறுவர் லக்ராஸ் சரி.

வலைக்கம்பு என்று வந்தபின் கோல் கம்பம் என்று எழுதாதீர்கள். பேச்சில் "கம்புல பட்டுது" என்றால் எதில் பட்டது? போஸ்ட் என்றே இருக்கட்டும். கடலோரத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

காப்பு வட்டம் என்றால் எதிரணி உள்ளே வந்தால் தப்பு என்பது விளங்குமா? கோலி வட்டம் என்றால் யாருடைய இடம் என்று பெயரே சொல்லிவிடும்.

———

அனுப்புநர்: உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்

எல்லாம் ஏற்றுக்கொண்டேன்: அறுவர் லக்ராஸ், வலைக்கம்பு, மடி, வீச்சுக்கயிறு, மடியாட்டு, வாரல், கெடு, கோலி வட்டம், முதற்பறி, வழுக்குப் பந்து, போஸ்ட். ஆட்டம் ஓடும்போதே ஆள் மாற்றும் இடத்தை மாற்று வாசல் என்று எழுதுகிறேன். வெளியே வருபவர் எல்லையைத் தாண்டிய பிறகே அடுத்தவர் உள்ளே போகலாம்.

பாக்கி ஒன்று, தடுப்பாட்டம். எதிராளியின் வலைக்கம்பில் தட்டிப் பந்தை விழவைப்பதற்குக் கம்புத்தட்டு என்று போட்டிருக்கிறேன். வரைவு வரி: "பந்து வைத்திருப்பவரின் வலைக்கம்பைக் கம்புத்தட்டு செய்யலாம்."

———

அனுப்புநர்: உடற்கல்வி ஆசிரியை, தக்கலை

சார், அந்த வரி அப்படியே போனால் ஆபத்து. "செய்யலாம்" என்று மட்டும் வாசித்துவிட்டுப் பிள்ளைகள் தலைக்கு மேலிருந்து ஓங்கி இறக்குவார்கள். ஓங்குதல் தனித் தவறு என்று அதே வரியில் வர வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடிக்கக் கூடாது, தலையைச் சுற்றிக் கம்பைக் கொண்டுபோகவும் கூடாது. பள்ளி அளவில் ஆண் பிள்ளைகளுக்கும் இதையே வைத்துவிடுவது நல்லது. கம்பும் கால்களும் பழகும் முன்னால் உடம்பு மோதல் தேவையில்லை.

என் திருத்தம்: "பந்து மடியில் வைத்திருப்பவரின் வலைக்கம்பை, முழங்கை அளவுக்குள் சிறு வீச்சில், அவருடைய உடம்பை விட்டு விலகும் திசையில் தட்டலாம். ஓங்கித் தட்டினாலும், தலையிலோ கழுத்திலோ பட்டாலும் தவறு. நடுவர் உடனே விசில் ஊத வேண்டும்."

"உடம்பை விட்டு விலகும் திசையில்" என்பதை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.