ரயிலின் வேகம் மணிக்கு 300 கி.மீ. என்று முதலிலேயே எழுதிவிட்டால் செலவு எங்கே போய் நிற்கும்?

வெள்ளவத்தை வாசன்:
கொழும்பு–யாழ்ப்பாணம் ரயில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும் என்று இங்கே பலர் கேட்கிறீர்கள். அந்த எண்ணை முதலில் எழுதிவிட்டால் செலவு கையை மீறிப் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் வளைவின் ஆரை நான்கு மடங்கு வேண்டும். ஊரையும் குளத்தையும் விலகிப்போக வழியில்லை. பாலம் கட்ட வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும். இங்கிலாந்தின் எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் பாதையை 400 கி.மீ. வேகத்துக்கு வரைந்தார்கள். செலவு ஏறி ஏறி, 2023 ஒக்டோபரில் பர்மிங்ஹாம்–மான்செஸ்டர் பகுதியையே கைவிட்டார்கள். சீனாவில் 250 கி.மீ. வேகப் பாதைக்குக் கிலோமீற்றருக்குச் சராசரி 87 மில்லியன் யுவான், 350க்கு 129 மில்லியன் என்று உலக வங்கி 2014இல் கணக்குக் காட்டியது.

கொட்டாஞ்சேனைக் குமரன்:
அண்ணா, அந்த வித்தியாசம் முழுவதையும் வேகத்தின் தலையில் கட்டாதீர்கள். பெய்ஜிங்–ஷங்காய் பாதையில் எண்பது வீதத்துக்கு மேல் பாலம். விளைநிலத்தை மிச்சம் பிடிப்பதும் அதற்கு ஒரு காரணம். 1981இல் திறந்த பாரிஸ்–லியோன் பாதையைப் பாருங்கள். சுரங்கமே இல்லை. பயணிகள் ரயில் மட்டும் ஓடுவதால் ஆயிரம் மீற்றருக்கு 35 மீற்றர் ஏற்றத்தை அனுமதித்து, மேட்டின் மேலேயே தண்டவாளம் போட்டார்கள்.

இன்னொன்று. ஜப்பானின் டொக்கைடோ பாதையை 1964இல் 210 கி.மீ. வேகத்துக்குக் கட்டினார்கள், வளைவின் ஆரை 2500 மீற்றர். அடுத்த சான்யோ பாதைக்கு 4000 மீற்றர். இன்றைக்கும் ஒரே ரயில் சான்யோவில் 300இல் ஓடிவந்து, ஒசாகா தாண்டி டொக்கைடோவுக்குள் நுழைந்ததும் 285க்கு மேல் போக முடியாமல் தவிக்கிறது. பெட்டியை மாற்றலாம், வளைவை மாற்ற முடியாது.

வெள்ளவத்தை வாசன்:
தம்பி, இழப்பு வெறும் 15 கி.மீ.தானே! நேரத்தைக் கணக்குப் பாருங்கள். நூறு கிலோமீற்றருக்கு 200இல் 30 நிமிடம், 300இல் 20, 400இல் 15. மேலே போகப் போக மிச்சமாகும் நிமிடம் குறைகிறது, காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது.

மருதானை மேடை:
யாழ்ப்பாணப் பாதையில் மாகோ சந்திக்கு வடக்கே ஒற்றைப் பாதை. எதிர் ரயிலுக்காக ஸ்டேஷனில் நிற்கிறோம், எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த நிமிடங்களை எந்த 300உம் மீட்டுத் தராது. முதலில் இரட்டைப் பாதை, நல்ல சிக்னல். சராசரி 100 வந்தாலே நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணம்.

கொட்டாஞ்சேனைக் குமரன்:
சரி, 160க்கே கட்டுங்கள். ஆனால் புதிதாகப் பாதை வெட்டும் இடத்தில் நிலத்தையாவது 4000 மீற்றர் ஆரைக்கு எடுத்து வையுங்கள். பிறகு எடுக்கப் போனால் அங்கே வீடுகள் எழும்பியிருக்கும்.

வெள்ளவத்தை வாசன்:
என்றைக்கோ வரப்போகும் ரயிலுக்காக வன்னியில் இன்று விதைக்கிற வயலை எடுப்பதா? காணி இழந்து மீட்கப் போராடுகிற சனம் அது. அவர்களிடம் போய் இந்தக் கணக்கை யார் சொல்வது?