உம்மாவின் குதிக்கால் நோவுக்கு பி.ஆர்.பி. ஊசி: யாராவது போட்டீர்களா?

மருதமுனைக்காரி:
உம்மாவுக்கு 58 வயது. முப்பது வருடமாகத் தறியில் இருக்கிறா. எட்டு மாதமாக வலது குதிக்காலில் நோ. சுபஹுக்கு எழும்பி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறினமாதிரிக் குத்துதாம். பத்து அடி நடந்தால் இளகும், பின்னேரம் தறியை விட்டு இறங்கினால் திரும்பவும் பிடிக்கும். எக்ஸ்ரேயில் குதிக்கால் எலும்பில் ஒரு முள் தெரிகிறது. கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் பி.ஆர்.பி. ஊசி மூன்று போட்டால் "சவ்வு புதிதாக வளரும்" என்கிறார்கள். கேட்ட காசு, உம்மா நாலு மாதம் நெய்தாலும் வராது. சீனி வருத்தமும் இருக்கு. என்ன செய்வது?

கல்லடி ரீச்சர்:
தங்கச்சி, எனக்கும் இதே நோதான். நான் போட்டது ஸ்டீரொய்ட் ஊசி. ஆறு கிழமை பறந்து திரிந்தேன், அப்புறம் பழையபடி நொண்டல். உம்மாவுக்கு அதைச் சொன்னால் கவனம், சில நாளைக்குச் சீனி ஏறும்.

வாழைச்சேனைத் தம்பி:
செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்லுங்க. எங்கட அம்மம்மாவுக்கு அதில்தான் சுகம்.

பழைய பிஸியோ, அக்கரைப்பற்று:
தம்பி, சீனி வருத்தக்காரருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். கால் விறைத்திருந்தால் சுடுவது தெரியாது, புண்ணாகித்தான் தெரியும்.

மகள், அந்த முள்ளை மறந்துவிடுங்கள். நோவே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் அது இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோவுவது குதிக்காலிலிருந்து விரல் பக்கம் போகும் தடித்த சவ்வு.

பி.ஆர்.பி. என்பது அவவின் இரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, குருதிச் சிறுதட்டு (இரத்தம் உறைய உதவும் சிறு துணிக்கை) செறிந்த பகுதியைப் பிரித்து நோவும் இடத்தில் ஏற்றுவது. இந்தச் சவ்வு நோவுக்குச் சில ஆய்வுகளில் ஸ்டீரொய்டை விட நீண்ட நாள் நின்றிருக்கிறது, சிலதில் வித்தியாசமே இல்லை. "புதிதாக வளரும்" என்பது யாவாரப் பேச்சு. காலின் வேறு நோவுகளிலும் இதே கதைதான்: 2021இல் நெதர்லாந்தில் கணுக்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 100 பேரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 26 கிழமை கழித்துப் பார்த்தால், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களும் அதே அளவில்தான் இருந்தார்கள். அதே வருடம் பிரித்தானியாவில் குதிநாண் (குதிக்காலுக்குப் பின்னால் மேலே போகும் தடித்த நாண்) நோவுள்ள 240 பேரிலும், போலி ஊசியை அது வெல்லவில்லை.

நான் சொல்வது காசில்லாத வேலை. துவாயைச் சுருட்டிப் படியில் வைத்து, அதன்மேல் விரல்களை வைத்து நோவுக்காலில் நிற்க வேண்டும். கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும். மூன்று விநாடியில் குதிக்காலைத் தூக்கி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் 2014இல் வந்த ஆய்வில், மூன்றாம் மாதம் இது, சவ்வை இழுத்து நீட்டும் பயிற்சியை மட்டும் செய்வதை முந்தியது. வருட முடிவில் இரண்டும் ஒன்றுதான். கட்டிலால் இறங்க முன்னம் விரல்களைப் பின்னுக்கு வளைத்துப் பத்து எண்ணட்டும், பத்துத் தரம். அதற்கும் அசையாவிட்டால் ஊசிக்கு முன் அதிர்வலைச் சிகிச்சையைப் (மெஷினால் தோலுக்கு மேலாக நோவும் இடத்துக்கு அதிர்வு கொடுப்பது) பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். தறியில் வெறுங்காலா?

மருதமுனைக்காரி:
வெறுங்கால்தான். வலது காலால்தான் கூட மிதிப்பாவாம், இப்போதுதான் கேட்டேன். நாளைக்கு கிளினிக்கில் கால் விறைப்பையும் பார்க்கச் சொல்கிறேன். துவாய் தேடினால் வாப்பாவின் நல்ல துவாயைத்தான் சுருட்டி வைத்திருக்கிறா, வீட்டில் ஒரே சத்தம்.