மொட்டை மாடிக்குக் கீழே ஒரு ரெண்டர் கணினி: காற்றோட்டத்திற்காக ஃபுல் டவர் கேபினட் வாங்கலாமா?

சாலிகிராமம்_ரெண்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாலிகிராமத்தில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அமர்ந்து, கட்டுமான நிறுவனங்களுக்கு முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்து, அதாவது கணினி மாதிரிகளைப் படங்களாக உருவாக்கி, கொடுத்து வருகிறேன். கணினியில் ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டும் உள்ளன. பிராசஸருக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலர் பொருத்தியிருக்கிறேன். இவை அனைத்தும், முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்ட ஒரு மிட் டவர் (நடுத்தர உயர) கேபினட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. கண்ணாடிக்கும் சட்டத்திற்கும் இடையே, விரல்கூட நுழையாத இரண்டு ஓர இடைவெளிகள்தான் காற்று உள்ளே வர வழி. வாங்கும்போது அழகாக இருக்கிறது என்றுதான் வாங்கினேன்.

மார்ச் வரை குறை ஏதும் தெரியவில்லை. கத்திரி தொடங்கியதிலிருந்து பிற்பகலில் அறையின் வெப்பநிலை 37 டிகிரியைத் தொடுகிறது. ரெண்டர் ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பிராசஸர் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு 82 டிகிரியில் இருக்கிறது. விசிறிகளின் இரைச்சலில் தொலைபேசியில் பேச முடிவதில்லை. அறையில் ஏசி உண்டு என்றாலும் பகல் முழுவதும் அதை ஓட்ட மின்கட்டணம் இடம் கொடுக்காது. இரவில் ரெண்டரை ஓடவிட்டு, ஆளில்லாத அறையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போகிறவன் என்பதால், பம்பை நம்பியிருக்கும் லிக்விட் கூலருக்கு மாற எனக்கு மனம் வரவில்லை.

கேபினட்டுக்கு 20,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். காற்றுக் குளிர்விப்புக்கென்றே வடிவமைத்த ஃபுல் டவர் (அதைவிடப் பெரிய, உயரமான கேபினட்) ஒன்றை வாங்கினால் உண்மையில் வேறுபாடு தெரியுமா, அல்லது அது வெறும் பருமனா? பல 120 மி.மீ. விசிறிகள் நல்லவையா, பெரிய விசிறிகள் சில போதுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பழையகை எழுதியது:

ரயில் பெட்டிகளின் காற்றோட்டக் குழாய்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கேபினட்டும் அறையின் வெப்பத்தைக் குறைக்காது. அறைக்கும் கேபினட்டின் உட்புறத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சுருக்குவது மட்டுமே அதனால் ஆகும். உங்கள் கார்டு முழுச் சுமையில் 450 வாட் வரையும் பிராசஸர் 230 வாட் வரையும் இழுக்கும். மதர்போர்டையும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்து 750 வாட் என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரிப் பெட்டி ஒன்றை அணைக்காமல் உள்ளே வைத்து மூடியதற்கு இது சமம். நுழைகிற காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 கன மீட்டர், அதாவது சுமார் 140 கன அடி காற்று அந்தப் பெட்டியைக் கடந்து போயாக வேண்டும். 5 டிகிரிதான் ஏறலாம் என்றால் அளவு இரு மடங்காகிவிடும். விசிறியின் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண் எதிரே தடையில்லாமல் அளந்தது என்பதையும், வலையும் ஃபில்டரும் குறுக்கே வந்ததும் அது கணிசமாகச் சரியும் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் கண்ணாடி முகப்பின் கதையை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் அளவும் இரட்டிக்கும். ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். இரைச்சலும் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். ஆகவே அதே அளவு காற்றைப் பெரிய இறக்கைகளால் மெதுவாகத் தள்ளுவதே புத்திசாலித்தனம். பெரிய பெட்டியின் பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2008-இல் வந்த கூலர் மாஸ்டர் ஹாஃப் 932 என்ற கேபினட்டின் முன்புறம், மேற்புறம், பக்கவாட்டு ஆகிய மூன்று இடங்களிலும் 230 மி.மீ. விசிறிகள் இருந்தன, ஹாஃப் என்ற பெயரே மிகு காற்றோட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2021-இல் வந்த ஃப்ராக்டல் டாரென்ட் முன்புறத்தில் இரண்டு 180 மி.மீ. விசிறிகளையும் அடிப்புறத்தில் மூன்று 140 மி.மீ. விசிறிகளையும் வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை மேல் தட்டுக்கு அனுப்பிவிட்டது. அதன் உயரம் 530 மி.மீ. மட்டுமே. கோர்செயர் 7000டி ஏர்ஃப்ளோ 600 மி.மீ. உயரமுள்ள அசல் ஃபுல் டவர். அதோடு வருபவை மூன்று 140 மி.மீ. விசிறிகள். உயரத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்காக இரண்டையும் அருகருகே சொல்கிறேன். ஃபுல் டவர் என்பதற்கு யாரும் வரையறுத்துக் கையெழுத்திட்ட அளவு கிடையாது.

சூடான காற்று தானாகவே மேலே போகும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் விசிறிகள் ஓடும் பெட்டிக்குள் அந்த எழுச்சி ஒரு பொருட்டே அல்ல. மதர்போர்டை 90 டிகிரி திருப்பிப் பொருத்திய சில்வர்ஸ்டோன் ரேவன் ஆர்வி02 நன்றாகக் குளிர்ந்ததென்றால், அடியிலிருந்த மூன்று 180 மி.மீ. விசிறிகளின் காற்று எங்கும் வளையாமல் நேராகக் கார்டையும் கூலரையும் அடைந்ததே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

மேல் தட்டில் விசிறிகளை வரிசையாக நிரப்பிவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். முன்பக்கத்தை ஒட்டிய மேல் விசிறி, கூலரைத் தொடுவதற்கு முன்பே புதுக்காற்றை உறிஞ்சி வெளியே வீசிவிடும். பின்னால் ஒன்று, மேலே பின்மூலையில் ஒன்று; வெளியேற்றத்திற்கு இவை போதும்.

அம்பத்தூர்_நள்ளிரவு எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். பணம் செலவழிப்பதற்கு முன், செலவில்லாத இரண்டு காரியங்களைச் செய்து பாருங்கள். ஒன்று, முகப்புக் கண்ணாடியையும் பக்கப் பலகையையும் கழற்றி வைத்துவிட்டு, ஒரே காட்சியை ரெண்டர் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த பெட்டியில் எவ்வளவு முன்னேற்றம் தெரிகிறதோ, நல்ல கேபினட்டிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். மற்றொன்று, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடை இயக்கிப் பிராசஸரை 105 வாட் நிலைக்குக் கொண்டுவந்து, கார்டின் மின் வரம்பையும் சற்றுக் குறைத்துப் பாருங்கள். மின்சாரம் குறையும் விகிதத்தில் வேகம் குறைவதில்லை.

பிராசஸரின் 95 டிகிரியைக் கண்டு பதற வேண்டாம். இந்தத் தலைமுறை ரைசன் 95 டிகிரி வரை ஓடும்படியே அமைக்கப்பட்டது. குளிர்விப்பு மேம்பட்டால், கிடைத்த இடத்தையெல்லாம் வேகமாக மாற்றிக்கொண்டு மீண்டும் அதே 95-இல் வந்து நிற்கும். எனவே டிகிரியைப் பார்க்காதீர்கள். ரெண்டர் முடியும் நேரத்தைப் பாருங்கள்.

மற்றபடி உங்களுடைய உண்மையான எதிரி காங்கிரீட் கூரை. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது இரவு வெகுநேரம் வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். நான் பெரிய ரெண்டர்களை நள்ளிரவுக்குப் பின்னர்தான் தொடங்குகிறேன். என் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

சாலிகிராமம்_ரெண்டர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்றுப் பிற்பகல் சோதித்தேன். மூடிய நிலையில் 41 நிமிடம் எடுத்த காட்சி, பலகைகளைக் கழற்றியபின் 37 நிமிடத்தில் முடிந்தது. கார்டு 82-இலிருந்து 71-க்கு இறங்கியது. பிராசஸர் நீங்கள் சொன்னபடியே 95-ஐ விட்டு அசையவில்லை. ஈகோ மோடில், பலகைகளைப் பழையபடி மூடிவிட்டு ஓட்டியபோது 43 நிமிடம் ஆயிற்று, ஆனால் இரைச்சல் பாதியாகிவிட்டது போல் இருந்தது. திறந்தபடியே விட்டுவிடலாம் என்றால், வடபழனிப் பக்கம் மெட்ரோ பணிகள் தொடங்கியதிலிருந்து அவ்வளவு தூசி, மேசையில் காலையில் துடைத்த இடத்தில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

திருவான்மியூர்_உப்புக்காற்று எழுதியது:

தூசி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முன்பு என்னிடம் இருந்த பெரிய கேபினட் ஒன்றின் பக்கவாட்டில், ஃபில்டர் ஏதுமின்றி ஒரு பெரிய விசிறி நேராகக் கார்டின் மீது வீசிக்கொண்டிருந்தது. முதல் மாதம் அதன் குளிர்ச்சியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஓராண்டில் கார்டின் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே கம்பளி விரித்தது போல் ஆகிவிட்டது. கடலோரத்தில் அந்தத் தூசியோடு உப்பும் ஈரமும் சேர்ந்துகொள்வதால் அது ஊதினால் போகாது. பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டும்.

ஆகவே உள்ளே காற்றைத் தள்ளும் விசிறிகளின் மொத்தத் திறன், வெளியேற்றுபவற்றின் திறனைவிடச் சற்று மிகுதியாக இருக்கட்டும். அப்போது இடுக்குகளின் வழியே காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே நுழையாது. நுழைவதெல்லாம் ஃபில்டர் வழியாகவே நுழையும். அந்த ஃபில்டரை, கேபினட்டை நகர்த்தாமல் முன்பக்கமாக உருவ முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பின்பக்கமாக இழுக்க வேண்டிய அடி ஃபில்டரை யாரும் இரண்டாம் முறை கழுவ மாட்டார்கள், நான் உட்பட. ப்ளோயரால் ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

ஏசி குறித்தும் ஒரு வார்த்தை. குளிர்ந்த அறையில் அணைத்து வைத்திருக்கும் கணினியின் மீது, திடீரென்று சன்னலைத் திறந்து வெளிப்புழுக்கத்தை விட்டால், ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் படிவதைப் போல உலோகத்தின் மீது ஈரம் படியும். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அதன் உட்புறம் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். அணைத்திருந்தால், அறை வெளிச்சூட்டுக்கு வந்து சிறிது நேரம் கழித்து இயக்குங்கள்.

மேல் தளத்தில் இருக்கிறீர்கள் அல்லவா? மேற்புறம் முழுவதும் வலையாக உள்ள கேபினட்டை, ஐப்பசி மழையில் கூரை எங்கே கசியும் என்று தெரிந்துகொண்ட பிறகு வையுங்கள்.

சாலிகிராமம்_ரெண்டர் எழுதியது:

கூரைக் கசிவு அலமாரிப் பக்கம்தான், மேசைப் பக்கம் இல்லை, நினைவூட்டியதற்கு நன்றி. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய்வந்தேன். ஃபுல் டவர்களைப் பிரித்துக் காட்சிக்கு வைத்திருந்த கடைகள் மிகக் குறைவு. பெரும்பாலும் அட்டைப் பெட்டியின் படத்தைக் காட்டித்தான் பேசினார்கள். ஒரு கடையில் முகப்பு முழுவதும் வலையாக அமைந்த, முன்னால் இரண்டு 200 மி.மீ. விசிறிகளும் பின்னால் ஒரு 140 மி.மீ. விசிறியும் கொண்ட ஒன்றைத் திறந்து காட்டினார்கள். ஃபில்டர் முன்பக்கமாகவே உருவ வருகிறது. விலையும் என் வரம்புக்குள் இருக்கிறது. வாங்குவதற்கு முன் வேறு எதையாவது அளந்து பார்க்க வேண்டுமா?

பெரம்பூர்_பழையகை எழுதியது:

அகலத்தை அளந்து பாருங்கள், பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கூலரின் உயரம் 165 மி.மீ. அளவில் இருக்கக்கூடும், அதற்கு இடமிருந்தாலும், கார்டின் மின் இணைப்புக் கம்பி பக்கக் கண்ணாடியில் இடித்து மடங்கும்படி ஆகிவிடக் கூடாது. அந்த 16 முனை இணைப்பானிலிருந்து குறைந்தது 35 மி.மீ. தூரம் கம்பி வளையாமல் வர வேண்டும் என்பார்கள். கார்டின் அகலத்தோடு இதையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஸ்கேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். முன் விசிறியைப் பொருத்திய பிறகு கார்டின் நீளத்திற்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் அதே ஸ்கேலால் பாருங்கள்.

200 மி.மீ. விசிறி வெளிப்படையான வலைக்குப் பின்னால் நன்றாக உழைக்கும். ஆனால் அதற்கு அழுத்தம் குறைவு. ஃபில்டர் தூசியில் அடைபட்டால், 140 மி.மீ. விசிறியைவிட முன்னதாக அது சோர்ந்துவிடும். உங்கள் தெருவின் நிலைக்கு வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

சாலிகிராமம்_ரெண்டர் எழுதியது:

வாங்கிவிட்டேன். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக்கும் ஏற்றி முடித்தபோது, அகலத்தோடு எடையையும் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. நேற்று அதே காட்சி, அதே 37 டிகிரி அறையில், எல்லாப் பலகைகளும் மூடிய நிலையில் 37 நிமிடம் 30 வினாடியில் முடிந்தது. கார்டு 72-இல் நின்றது. ஈகோ மோடையும் சேர்த்து ஓட்டினால் 40 நிமிடம் ஆகிறது, ஆனால் பக்கத்தில் அமர்ந்து தொலைபேசியில் பேச முடிகிறது. பகலில் அப்படியும் இரவில் முழு வேகத்திலும் ஓட்டப்போகிறேன். ஃபில்டர் கழுவும் பொறுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.