67 வயது அம்மாவோடு ஆகஸ்டில் சஃபாரி: போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஈரநிலம்:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் நான், கணவர், ஒன்பது வயது மகள், என் அம்மா நாலு பேரும் சஃபாரி கிளம்புகிறோம். மொத்தம் எட்டு நாள், ஏழு இரவு. முகவர் போட்டுக் கொடுத்திருக்கும் திட்டம் இது: கென்யாவில் நைரோபியில் இறங்கி ஒரு இரவு, மசாய் மாரா இரண்டு, அங்கிருந்து சாலை வழியாக எல்லை தாண்டி தான்சானியாவில் செரெங்கெட்டி இரண்டு, இங்கொரோங்கோரோ ஒன்று, தாரங்கிரே ஒன்று, பிறகு நைரோபி திரும்பி விமானம்.

அம்மாவுக்கு 67 வயது. யானை என்றால் உயிர். முழங்கால் வலி உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இணையத்தில் தேடினால் தொப்பி, பைனாகுலர், காக்கிச் சட்டை என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. வயதானவர்களோடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த ஊசி கட்டாயம்? எவ்வளவு பணம் கையில் வேண்டும்? எல்லாவற்றையும் விட, அம்மா இந்தப் பயணத்தைத் தாங்குவாரா?

தும்பைப்பூ:

உங்க பதிவைப் படிச்சதும் எங்க அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏறக்குறைய இதே திட்டத்தில் போனோம். அம்மாவுக்கு அப்போ 69. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல வழியை மாத்துங்க. பெட்டி கட்டறதெல்லாம் அப்புறம். மாராவும் செரெங்கெட்டியும் வரைபடத்தில் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். வில்டபீஸ்ட்ங்கற பெரிய மான் இனத்து மந்தை அப்படியே நடந்து எல்லை தாண்டிடும். நமக்கு அந்த வழி திறந்தில்லை. மேற்கே சுத்தி இசெபானியாங்கற எல்லைச் சாவடிக்குப் போய், இறங்கி முத்திரை வாங்கி, தான்சானியா வண்டிக்கு மாறி, தெற்கே இறங்கிப் பூங்காவுக்குள்ள நுழையணும். அந்த ஒரு நாள் முழுக்க அதிலேயே கரைஞ்சிடும். எங்க அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடக்கூட எழுந்து வரலை. அடுத்த நாள் காலை சுற்றுக்கும் வர முடியலை. யானை பார்க்க அவ்வளவு தூரம் வந்தவங்க கூடாரத்தில் படுத்திருந்தாங்க.

இந்த வழிக்கும் நீங்க கேட்ட ஊசிக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு. கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருக்கு. அங்கிருந்து தான்சானியாவுக்குள்ள போற ஒரு வயசுக்கு மேற்பட்ட எல்லாருமே அந்தத் தடுப்பூசி அட்டையைக் காட்டணும். ஆனா அது உயிருள்ள கிருமியை வலுக்குறைச்சுச் செய்யற ஊசி. 60 வயசுக்கு மேல முதல் தடவை போட்டுக்கறவங்களுக்குக் கடுமையான பக்க விளைவு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எங்க டாக்டர் அம்மாவுக்கு வேண்டாம்னுட்டார். அட்டையிலேயே மருத்துவ விலக்கு எழுத ஒரு இடம் இருக்கு, அதில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். அம்மா அதை வச்சுத்தான் எல்லை தாண்டினாங்க.

மாட்டிக்கிட்டது என் தம்பி. அவன் ஊசி போட்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது. அட்டை செல்லுபடியாகறது பத்து நாள் கழிச்சு. எல்லையில் இருந்த பெண் அதிகாரி தேதி மேல விரலை வச்சு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பார்த்துட்டு, அவனைத் தனியா நிறுத்திட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லை, நாங்கதான் நாளைக் கணக்குப் பண்ணாம விட்டோம். அவன் நைரோபி திரும்பிப் போய் மூணு நாள் தங்கி, பிறகு விமானத்தில் வந்து எங்களோட சேர்ந்தான். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும் (2016 ஜூலையிலிருந்து விதி அப்படித்தான்), அதனால போடற மூணு பேரும் இப்பவே போட்டுடுங்க. அம்மாவுக்கு மட்டும் டாக்டர் சொல்றதுதான்.

என் யோசனை, தான்சானியாவில் மட்டும் இருங்க. நைரோபியில் இறங்காம கிளிமஞ்சாரோ விமான நிலையத்துக்கே போங்க. நடுவில் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறினாலும், காத்திருக்கற நேரம் 12 மணி நேரத்துக்குக் குறைவா இருந்தா தான்சானியாவில் அட்டை கேட்க வேண்டியதில்லை. மாரா ஆத்தை மந்தை தாண்டற காட்சிக்காகத்தான் எல்லாரும் கென்யா போறாங்க. அதே ஆறு செரெங்கெட்டியோட வடக்கு மூலையிலும் ஓடுது, அந்த இடத்துக்குக் கோகடெண்டேன்னு பேர். ஆகஸ்டில் மந்தை அங்கேயும் தாண்டும். மாரா காப்பகத்தில் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர்ங்கறதையும் கணக்கில் வச்சுக்கோங்க.

நான் போட்டுக் கொடுக்கறதா இருந்தா: அருஷா ஊரில் ஒரு இரவு, தாரங்கிரே ரெண்டு, இங்கொரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒண்ணு, மன்யாரா ஓடுதளத்திலிருந்து சின்ன விமானத்தில் கோகடெண்டே போய் மூணு இரவு, அங்கிருந்து விமானத்திலேயே அருஷா. அம்மாவுக்கு யானைதானே வேணும்? ஆகஸ்டில் மத்த இடமெல்லாம் காய்ஞ்சு கிடக்கும்போது தாரங்கிரே ஆத்துக்கு யானைக் கூட்டம் கூட்டமா வரும். யானைங்க முன்னங்காலாலும் தும்பிக்கையாலும் மணலைத் தோண்டித் தண்ணி தேடறதை வண்டியிலிருந்தே ஒரு மணி நேரம் பார்க்கலாம். அதுக்கு ஒரு இரவு போதாது.

இப்ப யாரும் பட்டியலில் எழுதாத ஒரு விஷயம். நம்ம அம்மாக்கள் வெளியூர் போனா தண்ணி குடிக்க மாட்டாங்க, ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோன்னு. எங்க அம்மா முதல் ரெண்டு நாள் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் வரை ஒரு வாய் தண்ணி குடிக்கலை. எங்களுக்குத் தெரியவும் இல்லை. ரெண்டாம் நாள் மதியம் வண்டியிலிருந்து இறங்கும்போது கண்ணை இருட்டிக்கிட்டு வந்து என் தோள் மேல சாஞ்சுட்டாங்க. அன்னைக்குத்தான் எங்க வழிகாட்டி என்னைத் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்: குச்சிம்பா தாவா. சுவாஹிலியில் நேர் அர்த்தம் மருந்து தோண்டறது. ஒதுங்கணும்ங்கறதை அங்க நாசூக்கா அப்படித்தான் சொல்வாங்க. சொன்ன உடனே அவர் வெட்டவெளியா ஒரு இடம் பார்த்து வண்டியை நிறுத்தி, கூரையில் ஏறி நாலு பக்கமும் பார்த்துட்டு, தான் முன்பக்கம் போய் நின்னுக்குவார். நாம பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். நான் அருஷாவில் கங்கான்னு ஒரு பருத்தித் துணி வாங்கினேன், ரெண்டு பேர் பிடிச்சா மறைப்பு ஆயிடும். அதுக்கப்புறம் அம்மாவே சத்தமா குச்சிம்பா தாவான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, தண்ணியும் நல்லாக் குடிச்சாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இதை அம்மாகிட்ட வெளிப்படையா பேசிடுங்க. டிஷ்யூவை அங்க போட்டுடக் கூடாது, ஒரு காகிதப் பையில் திரும்பக் கொண்டு வந்துடணும்.

வண்டியில் அம்மாவை நடு வரிசையில் உட்கார வைங்க. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேல இருக்கறதால தூக்கித் தூக்கிப் போடும். லேண்ட் குரூசரின் படி ரொம்ப உயரம், முழங்கால் வலியோட ஏறவே முடியாது. சின்ன முக்காலி ஒண்ணு வேணும்னு இப்பவே எழுதிக் கேளுங்க. இடுப்புக்குப் பின்னாடி வைக்க ஒரு தலையணை.

உடையில் எனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயம் ரெண்டுதான். அடர் நீலமும் கறுப்பும் வேண்டாம். தாரங்கிரேயில் ட்செட்சே ஈ உண்டு, அதுக்கு அந்த ரெண்டு நிறமும் பிடிக்கும். ஈயைப் பிடிக்க அங்க மரத்தில் கட்டித் தொங்கவிடற துணியே நீலமும் கறுப்பும்தான். என் பையன் நீல ஜீன்ஸோட உட்கார்ந்திருந்தான், துணி மேலேயே தொடையில் கடிச்சுது, ஊசி குத்தின மாதிரி அலறினான். கொசு விரட்டிக் களிம்புக்கெல்லாம் அது அவ்வளவா அசையாது. இன்னொண்ணு குளிர். ஆப்பிரிக்கான்னா வெயில்னு நினைச்சுப் போறோம். இங்கொரோங்கோரோ விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீட்டர். ஆகஸ்ட் காலையில் பல் தந்தியடிக்கும். அம்மாவுக்குக் கம்பளிக் குல்லா, காலுறை, நல்ல ஸ்வெட்டர் கட்டாயம்.

பள்ளத்துக்குள்ள நீர்யானைக் குளம் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்க. மகளை வண்டிக்குள்ளேயே சாப்பிடச் சொல்லுங்க. கள்ளப்பருந்து மேலேயே வட்டம் போட்டுக்கிட்டு இருக்கும். என் பையன் கையில் இருந்த சப்பாத்தியைப் பின்னாடியிலிருந்து வந்து ஒரே இழுப்பில் கொண்டு போயிடுச்சு. இறக்கை கன்னத்தில் அடிச்சுது, நகம் விரலைக் கீறிடுச்சு.

மாத்திரைக்காரன்:

தும்பைப்பூ அக்கா எழுதியதில் மாற்றுக் கருத்து இல்லை. மருந்துக் கடையில் இருபது வருடமாக நிற்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை எது என்று முதலில் பாருங்கள். சிலது சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் வகை. அதைக் காலையில் போட்டுவிட்டு ஆறு மணிக்கு வண்டியில் ஏறினால் அவர் பாடு கஷ்டம். தண்ணீர் குடிக்காமலும் இருந்தால் மயக்கம்தான். நேரத்தை மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, அட்டையோடு, கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வேண்டாம்.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை நாலு பேருக்கும் தேவை. அடோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகு ஏழு நாள் வரை சாப்பிட வேண்டும். குழந்தைக்கு எடை பார்த்து அளவு தருவார்கள். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, ஆனால் திரும்பிய பின் நாலு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்துவிடும். கூரை திறந்த வண்டியில் நாள் முழுக்க நிற்கும் பயணத்துக்கு நான் அதைத் தர யோசிப்பேன். பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பியதும் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் பிழை நடக்கிறது. வந்து சில மாதம் வரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் அடங்குமா என்று பாருங்கள். கோகடெண்டேயிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் சாலையில் சீக்கிரம் போய்ச் சேர முடியாது.

ஒளிப்பெட்டி:

சின்ன விமானம் என்றால் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் கேமராவும் அதற்குள் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், மடங்கும் துணிப்பை வேண்டும். தங்குமிடங்களில் துவைத்துக் கொடுப்பார்கள், மூன்று செட் போதும். கேமராவுக்கு முக்காலி வேண்டாம், வெறும் துணிப்பை ஒன்று கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டு போகாதீர்கள், அனுமதியில்லாமல் பூங்காவில் பறக்கவிட முடியாது. தான்சானியாவில் 2019 ஜூனிலிருந்து பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை, கடைப் பையில் செருப்பைச் சுற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் துணிப்பைக்கு மாறிவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு பைனாகுலர் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சிறுத்தை மரத்தில் இருக்கும்போது ஒன்றை நாலு பேர் கைமாற்றிக்கொண்டிருந்தால் அம்மாவின் முறை வருவதற்குள் அது இறங்கிப் போயிருக்கும். 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும், அம்மாவுக்குக் கனமாக இருந்தால் 8x32.

ஈரநிலம்:

கண் கலங்கிவிட்டது அக்கா. அம்மாவிடம் மருந்து தோண்டும் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் அதை நினைச்சுத்தான் வரலைன்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். எனக்குத் தெரியவே தெரியாது.

முகவரிடம் பேசி தான்சானியாவுக்கு மட்டும் மாற்றியாயிற்று. ஊசி பற்றி வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். மாத்திரை பார்த்தேன், அண்ணா சொன்ன வகைதான், அதையும் அன்றே கேட்கிறேன். பணம் பற்றி மட்டும் சொல்லுங்கள். ராத்திரி கூடாரத்தில் அம்மாவைத் தனியாகப் படுக்க வைக்கலாமா?

தும்பைப்பூ:

தனியா வேண்டாம். மகளை அம்மாவோட படுக்க வைங்க, இல்லைன்னா நீங்க படுங்க. கோகடெண்டே பக்கம் வேலி இல்லாத முகாம்கள்தான் அதிகம், ராத்திரி நீர்யானை மேய வரும், கழுதைப்புலி கத்தும். கூடாரத்துக்குள்ள ஜிப் போட்டு இருந்தா பயமில்லை. இருட்டின பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வர அஸ்காரியை, அதாவது காவலரை, கூப்பிடணும். பத்தடிதானேன்னு தானா நடக்கவே கூடாது. அம்மா கையில் ஒரு டார்ச்சும் விசிலும் கொடுத்துடுங்க, அவங்க கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரத்தையே உங்களுக்குக் கேட்டு வாங்குங்க.

பணம் டாலராவே கொண்டு போங்க. நீலப் பட்டை போட்ட புது 100 டாலர் நோட்டு, கிழிசல், மை, மடிப்பு இல்லாததா இருக்கணும், பழைய நோட்டை நிறைய இடத்தில் வாங்க மாட்டாங்க. வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு வண்டிக்கு 20 டாலர்னு நாங்க கொடுத்தோம், கடைசி நாள் உறையில் போட்டு அவர் கையிலேயே. முகாம் ஆட்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும். அதனால 5, 10 டாலர் சில்லறை நிறைய வச்சுக்கோங்க. விசா இணையத்திலேயே எடுத்துடலாம், பெரும்பாலான நாட்டுக்காரங்களுக்கு 50 டாலர். போலிப் பக்கங்கள் நிறைய இருக்கு, அரசாங்கத் தளம்தானான்னு பார்த்துக் கட்டுங்க.

முக்காலி கேட்டு எழுதிட்டீங்களா? அதுக்குப் பதில் எழுத்தில் வர்ற வரை விடாதீங்க. எங்களுக்கு வாய் வார்த்தையா சரின்னாங்க, அங்க போனா இல்லை. எங்க வழிகாட்டி ஒவ்வொரு தடவையும் தண்ணிப் பெட்டியைக் கவிழ்த்து வச்சு, அம்மா கையைப் பிடிச்சு ஏத்தி விட்டார்.